பாஸ் ஆனவன் வாங்கித் தரும் காஜா

செவ்வாய்க்கிழமையிலிருந்து மங்கதாயாரு வீட்டில் உலை வைக்கவில்லை. சோற்று வாசனை மூக்கில் பட்டால் சத்திபாபு தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பத்தியம் அவன் ஒருத்தனுக்குத்தான் என்றாலும், அவன் கண்ணெதிரே மற்றவர்கள் உட்கார்ந்து பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து தின்றால் அது என்ன நியாயம்? ஆகவே வீடு மொத்தமும் கேழ்வரகுக் கஞ்சி குடித்தது. சத்திபாபுவின் மனைவி நூகரத்னம் குடித்தாள். பாலிடெக்னிக் போகும் அவர்கள் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். மங்கதாயாருவும் குடித்தாள். சத்திபாபுவுக்கு அதுவும் அரை டம்ளர்தான்.

வியாழக்கிழமை மெடிக்கல்.

காக்கிநாடாவில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் வரிசையாக இருக்கும் எண்ணெய் ஆலைகளில் ஒன்றுக்கு மங்கதாயாருவின் டேங்கர் ஓடுகிறது. ஒரே ஒரு டேங்கர். பாமாயில் ஏற்றிக்கொண்டு சாலூர் மலைப்பாதை ஏறி, ஒடிசா தாண்டி, ராய்ப்பூரில் இறக்கிவிட்டு வரும். புருஷன் வெங்கன்னா வாங்கிய வண்டி. அவன் இருந்தவரை அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஓட்டினார்கள். அவன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. இப்போது தம்பி சத்திபாபு தனியாகவே ஓட்டுகிறான். வண்டிப் புத்தகத்தில் மங்கதாயாருவின் பெயர் ஏறியதால் லாரி யார்டில் எல்லாரும் அவளை ஓனரம்மா என்பார்கள். வீட்டில் வம்புக்கு சத்திபாபுவும் அப்படிக் கூப்பிடுவான். வண்டி அவளுடையது, கை அவனுடையது, அடுப்பு ஒன்றுதான். அப்படித்தான் அந்த வீடு நடந்தது.

இந்த மெடிக்கல் இரண்டு வருஷமாக வந்த கூத்து. எந்த ஊரிலோ ஒரு டிரைவர் ஸ்டீயரிங்கிலேயே மயங்கிவிட, வண்டி சந்தைக்குள் புகுந்துவிட்டதாம். அதிலிருந்து ஆலைக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண், ரத்தக் கொதிப்பு, இதயம், சுகர் எல்லாம் பார்க்கிறார்கள். சுகர் இருநூறைத் தாண்டினால் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதோடு விடவில்லை. வண்டி ஓனர் நேரில் வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் ஓட்டுநரின் உடல்நிலையை நான் நேரில் அறிவேன், அதற்கு நானே பொறுப்பு என்று அதில் அச்சடித்திருக்கும். பத்து லாரி வைத்திருக்கிற ஓனர்கள் தங்கள் டிரைவர் வெறும் வயிற்றோடு வந்தானா, விருந்து தின்றுவிட்டு வந்தானா என்றுகூடத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போவார்கள். மங்கதாயாரு அப்படிப்பட்டவள் இல்லை. சத்திபாபுவின் வயிற்றில் எத்தனை பருக்கை இருக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

போன தடவை பத்தியம் எதுவும் இல்லாமல் போனதில் இருநூற்று எண்பத்தாறு வந்துவிட்டது. பாஸ் போயிற்று. ஒன்றரை மாதம் டேங்கர் யார்டில் நின்றது. அதன் மேல் கடல் காக்கைகள் உட்கார்ந்து எச்சமிட்டன. சத்திபாபு தினமும் காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டு, யார்டுக்குப் போய் வண்டியைத் துடைத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவான். வேறு எந்த வேலைக்குப் போவான்? பதினேழு வயதில் பிடித்த ஸ்டீயரிங். இறங்கி நடந்தால் அவனுக்குப் பாதை தெரியாது என்று வெங்கன்னா சிரிப்பான். அந்த ஒன்றரை மாதத்தில் வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படி ஒரு காலம் இன்னொரு முறை வரக்கூடாது என்று மங்கதாயாரு தலைப்பாக்கத்து நூகாலம்மா கோவிலில் காசு முடிந்துவிட்டு வந்திருந்தாள்.

வழி சொன்னவர் காசுலு. ஆலை கேட்டுக்கு எதிரே உப்பேறு வாய்க்கால் ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறவர். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர்; முதல் மெடிக்கலிலேயே பாஸ் பறிபோனவர். இடது காலில் இரண்டு விரல்களைச் சுகருக்குக் கொடுத்தவர். தனக்கு நடந்தது யார்டில் இன்னொருத்தனுக்கு நடக்கக்கூடாது என்று அவராகவே யோசித்து ஒரு பத்தியம் கண்டுபிடித்தார். மெடிக்கலுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோறு கிடையாது. காலையும் மாலையும் பாகற்காய்ச் சாறு. மாத்திரையை இரண்டு மடங்கு ஆக்கவேண்டும். அதுவும் வழக்கமான மாத்திரை உதவாது, சின்னதாக ஒன்று இருக்கிறது, அதுதான் சுகரைச் சரியாகக் கீழே இழுக்கும். மெடிக்கல் அன்று விடியலில் வெறும் வயிற்றில் கடைசி ஜோடி. ஒரு வருஷமாக அந்தப் பத்தியம் இருந்தவன் எவனும் தோற்றதில்லை. யார்டில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. பாஸ் ஆனவன் எல்லாருக்கும் காஜா வாங்கித் தரவேண்டும் என்பதும் சட்டம். உள்ளே சர்க்கரைப் பாகு நிற்கிற குழல் காஜா இனிப்பு. வாங்கித் தருகிறவனால் அதைத் தின்ன முடியாது என்பதில்தான் யார்டுக்குச் சிரிப்பு.

காசுலு சிகரெட் பெட்டி அட்டையில் மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஜகன்னாய்க்பூர் மருந்துக் கடையில் அதை நீட்டியது மங்கதாயாருதான். கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். வீட்டில்தான், டாக்டர் சொன்னது என்றாள் அவள். அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது சந்தேகம் என்றால் போன் பண்ணுங்கள் என்று அட்டைப் பையில் இருந்த எண்ணை மட்டும் காட்டினான்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வங்காள விரிகுடாவில் ஏதோ புயல் சின்னம் என்றார்கள். உப்பாடாப் பக்கம் கடல் ரோட்டைத் தின்றுகொண்டிருந்தது. வீட்டில் சத்திபாபு கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தான் தின்றவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ராய்ப்பூர் தாபாவில் தின்றது, ஒடிசா ஜெய்ப்பூரில் ஒரு கல்யாணத்தில் தின்றது, எப்போதோ ஒரு பங்குனியில் அண்ணன் கொண்டுவந்த பலாக்காயின் பொரியலில் அண்ணி போட்ட கடுகின் காரம். மகள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பேச்சு நின்றபோதெல்லாம் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான்.

சமையலறையில் நூகரத்னம் பாகற்காயை அம்மியில் நசுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“அக்கா, அவருக்குக் கை நடுங்குது. காலையில சட்டைப் பொத்தான் போட முடியல. நான்தான் போட்டு விட்டேன்.”

“ரெண்டு நாளாச் சோறில்லாத மனுஷன். நடுங்காம என்ன செய்யும்?”

“வியர்வையும் ஊத்துது. மழையில யாருக்குக்கா வேர்க்கும்?”

“இன்னும் ஒரே ராத்திரிடி. நாளைக்கு இந்நேரம் உன் புருஷன் சோத்துல மூழ்கிக் கிடப்பான்.”

நூகரத்னம் நசுக்கியதை வழித்துக் கொடுத்தாள். மங்கதாயாரு சாற்றைத் துணியில் பிழிந்து, டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, நல்ல ஓனரம்மா கிடைத்தார்கள், எருமைக்குக்கூட இதைவிட ருசியாகப் போடுவார்கள் என்றான். அவளுக்கு மனசு நெகிழ்ந்துபோனது. வெங்கன்னா இருந்தால் தம்பியை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

வியாழன் விடியலில் அவள் எழுந்து உலை வைத்தாள். மூன்றாம் நாள் உலை. சோறு, கோங்குராப் பருப்பு, கத்தரிக்காயும் உலர்ந்த இறாலும் போட்ட குழம்பு. நான்கடுக்குக் கேரியரில் அமுக்கி அமுக்கி வைத்தாள். சோறு கொதிக்கிற வாசனைக்கு சத்திபாபு எழுந்து வந்து, சமையலறை வாசலில் நின்று இரண்டு மாத்திரைகளையும் தண்ணீரோடு விழுங்கினான். டெஸ்ட் முடிந்த நிமிஷமே கேரியர் அவன் கையில் இருக்கும் என்று அவள் சொன்னாள். வழியில் காஜாக் கடையில் ஆட்டோவை நிறுத்தி ஐம்பது காஜா வாங்கினாள். டெஸ்ட் முடியும் முன்னே வாங்கலாமா என்று கேட்டான் அவன். தோற்கிற பேச்சை எடுக்காதே என்று அவள் அதட்டினாள்.

ஆலை கேட்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் மெடிக்கல் அறை. வெளியே மழைத் தகரத்தின் கீழே முப்பது டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகமும் ஒரே நிறத்தில், வெளிறிப்போய் இருந்தது. எவனும் பீடிகூடப் பிடிக்கவில்லை. துனிக்காரன் லோவராஜு மட்டும் தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கோழி வறுவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவனைத் திட்டினார்கள்.

டாக்டர் சின்னப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். சத்திபாபுவின் விரலைக் குத்தி, மிஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பழைய காகிதத்தைப் புரட்டி மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

“எழுபத்தொண்ணு. போன தடவை இருநூத்து எண்பத்தாறு.”

“பத்தியம் இருந்தேங்க டாக்டரம்மா,” என்றான் சத்திபாபு.

“மாத்திரை எத்தனை போடறீங்க?”

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எப்பவும் போடறதுதான்.”

டாக்டர் மங்கதாயாருவின் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் ஓனரா? கூடவே இருக்கிற ஆளா நீங்க? இவர் சொல்றது சரிதானா?”

அந்த ஒரு நொடியை மங்கதாயாரு பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அப்போது அவளுக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் பெண்ணுக்கு முன்னால் என் வீட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க முடியாது. சரிதானுங்க என்றாள். டாக்டர் காகிதத்தைத் தள்ளினாள். மங்கதாயாரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முழுப் பெயரையும் எழுதினாள்.

வெளியே வந்தார்கள். கேரியரைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். லோடிங் முறை வந்துவிட்டது. விட்டால் இரண்டு நாள் கழித்துத்தான். சத்திபாபு கேரியரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். உள்ளே எண்ணெய் நிரப்புமிடத்தில் சோற்றுப் பாத்திரம் கொண்டுபோகக் கூடாது, போனும் கூடாது. சோற்றுக்கு எலி வருமாம்.

“அரை மணி வேலை அண்ணி. நிரப்பிட்டு வெளிய வந்து காசுலு சித்தப்பா கடையில நிறுத்தி நிதானமாத் தின்னுட்டு மலையேறறேன். ரெண்டு நாள் இருந்தாச்சு, அரை மணி என்ன?”

“ஒரு வாய் போட்டுக்கிட்டுப் போ.”

“ஒரு வாய் போட்டா நிறுத்தமாட்டேன்.”

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அவளும் சிரித்தாள்.

அரை மணி என்றது முக்கால் ஆயிற்று, ஒன்றாயிற்று. உள்ளே பம்பு நின்றுவிட்டது என்று செக்யூரிட்டி சொன்னான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. காசுலு கடைப் பெஞ்சில் மங்கதாயாரு கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காசுலு ஒருத்தர் பாக்கியில்லாமல் பாஸ் ஆகிவிட்டதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனார். பம்பு நிற்பதற்கு முன்னாலேயே நிரப்பிக்கொண்ட வண்டிகள் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டன. எல்லாரும் வழியில் பார்த்துக்கொள்கிறேன் என்று கடையில் நிற்காமல் போனவர்கள்தான். மெடிக்கலுக்காகக் காலையில் நின்ற நேரத்தை ரோட்டில் பிடித்தாக வேண்டுமே. பன்னிரண்டு மணிக்கு அவள் கேட்டுக்குப் போய், கேரியரை உள்ளே கொடுத்துவிடு அப்பா என்று செக்யூரிட்டியைக் கேட்டாள். அவன் ரூல்ஸ் சொன்னான். ஒரு காஜாவாவது கொடு என்றாள். சுகர்காரனுக்குக் காஜாவா என்று அவன் சிரித்தான்.

ஒன்றே முக்காலுக்கு டேங்கர் கேட்டைத் தாண்டி வந்தது. அவள் எழுந்து கையைக் காட்டினாள்.

வண்டி நிற்கவில்லை. நடக்கிற வேகத்தில் கடையைத் தாண்டியது. சத்திபாபு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. இடது சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கின. மண்ணுக்கு அப்பால் சரிவு, சரிவுக்குக் கீழே வாய்க்கால். கலங்கிய தண்ணீர் கரை வரை ஓடிக்கொண்டிருந்தது. மங்கதாயாரு கேரியரைப் போட்டுவிட்டு ஓடினாள். காசுலு விரல் போன காலோடு அவளை முந்திக்கொண்டு ஓடிப் படியில் தொற்றி ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகினார். இருபது டன் எண்ணெய் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த டேங்கர்கள் வரிசையாக பிரேக் போட்டன.

மங்கதாயாரு கல்யாணமாகி வந்த இருபத்துமூன்று வருஷத்தில் அந்த வண்டியின் கேபினில் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினாள். சத்திபாபு தண்ணீரில் முக்கி எடுத்தவன் போல நனைந்திருந்தான். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

“தம்பி, வண்டிய இப்படி விட்டுட்டியே. ஏன் நிறுத்தல?”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நல்ல மரியாதையாகக் கேட்டான்.

“எந்த வண்டி?”

 பிறகு அவன், அம்மா, அண்ணன் சாப்பிட்டாச்சா, அண்ணனைச் சாப்பிடச் சொல்லு என்றான். அவன் அம்மா செத்துப் பதினாறு வருஷம்.

சுகர் கீழே இழுக்கிறதம்மா, சர்க்கரை கொடு, சர்க்கரை, என்று கீழேயிருந்து காசுலு கத்தினார். அவள் தோள்பையிலிருந்து காஜாவை எடுத்து உடைத்து, உள்ளே இருந்த பாகை அவன் உதட்டில் பிழிந்தாள். முதலில் வாயோரம் வழிந்தது. பிறகு நாக்கு வந்து நக்கியது. இன்னொன்று உடைத்தாள். இன்னொன்று. ஐந்தாவதில் அவனாகவே வாங்கிக் கடித்தான். கால் மணிநேரம் கழித்து, அண்ணி, நீங்க எப்படி இங்க ஏறினீங்க என்று கேட்டான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கடைக்காரன் பதறிப்போய்ச் சொன்னான்.

“அம்மா, ரெண்டு நாளா டபுளா? அது ஒரு நாள் முழுக்க நின்னு சுகரை இழுக்கும். இப்ப தெளிஞ்ச மாதிரி இருக்கும், சோறு தின்னாலும் இன்னும் ரெண்டு மணி நேரத்துல மறுபடி இழுக்கும். தனியா விடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

இரண்டு மணி நேரத்தில் வண்டி எங்கே இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். அங்கிருந்து இன்னும் இரண்டு மணி, இன்னும் இரண்டு மணி. இருட்டுகிற நேரத்துக்கு சாலூர் மலை. சாவி காசுலுவின் கையில் இருந்தது. அவள் இறங்கிப்போய் அதை வாங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

சத்திபாபு அதற்குள் கேரியரில் பாதியைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். அவனுக்கு இப்போது ஒன்றும் இல்லையாம். மயக்கம் போயிற்றாம். லோடு சீல் வைத்தாயிற்று, பில் போட்டாயிற்று, பாஸ் கையில் இருக்கிறது. அவள் ஆஸ்பத்திரி என்றாள்.

“ஆஸ்பத்திரியில என்னன்னு எழுதுவான் அண்ணி? மயங்கி விழுந்தான்னு எழுதுவான். அது ஆலைக்கு வரும். இனி ஒன்றரை மாசம் இல்ல, ஆயுசுக்கும் பாஸ் கிடையாது. எனக்கு மட்டுமா? நம்ம வண்டிக்கே கிடையாது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சாவிய வச்சிருக்கீங்க? இந்த ஒரு தடவை விடுங்க. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தின்னுக்கிட்டே போறேன்.”

அவளுக்கு விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. அதுதான் உண்மை. நூகரத்னத்தின் முகம் வந்தது, மகளின் பரீட்சை வந்தது, எச்சமிட்ட டேங்கர் வந்தது. செக்யூரிட்டி வந்து, வழியை அடைக்கிறது, வண்டியை எடு என்றான். அவள் அவனிடம், டாக்டரம்மாவைக் கூப்பிடு, என் டிரைவருக்கு உடம்பு சரியில்லை, நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றாள். டாக்டர் ஒரு மணிக்கே போயாச்சு என்றான் அவன். ஆபீசில் சொல் என்றாள். அவன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, சுகர் எண் நல்லா இருக்கு, காகிதம் சரியா இருக்கு, வெளியே வந்த வண்டிக்கு ஆலை பொறுப்பு இல்லையாம், ஓனர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானாம் என்றான். அப்புறம் குரலைத் தணித்து, ஏம்மா நீங்களே உங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்க என்றான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. அந்த வண்டியை நிறுத்தவென்று உலகத்தில் யாரும் இல்லை, சாவியை வைத்திருக்கிறவளைத் தவிர.

பின்னால் வரிசையில் ஹாரன் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த டேங்கரிலிருந்து லோவராஜு குதித்து இறங்கிக் கத்திக்கொண்டே வந்தான். ரோடு உங்க அப்பன் வீட்டுதா, வீட்டுப் பஞ்சாயத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா, அவனவன் காலையிலிருந்து பட்டினி கிடக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி பேசினான். மங்கதாயாருவுக்கு எங்கிருந்து அத்தனை சத்தம் வந்ததோ, வரிசையில் கடைசி வண்டி வரை கேட்கும்படி சொன்னாள்.

“என் கொழுந்தனுக்கு நான் மாத்திரை குடுத்தேன். ரெண்டு நாளா ரெண்டு மடங்கு. என் கையால குடுத்தேன். இப்ப இந்த வாய்க்கால்ல விழப் பார்த்தான். நான் சாவி குடுக்கமாட்டேன். போலீசக் கூப்பிடறவன் கூப்பிடுங்க.”

லோவராஜு வாயை மூடினான். அப்போதுதான் அவள் அவனைச் சரியாகப் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. வண்டிக் கதவைப் பிடித்திருந்த கை தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“ரெண்டா குடுத்தீங்க?” என்றான்.

“ரெண்டு.”

அவன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“நான் மூணு போட்டேன் அக்கா. போன தடவை முன்னூறைத் தாண்டிடுச்சு, அதான்.” பிறகு சின்னக் குரலில், “அந்தக் காஜால ஒண்ணு குடுங்களேன்,” என்றான்.

அவள் கொடுத்தாள். அவன் பின்னாலிருந்து இன்னொருவன் இறங்கி வந்தான், ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் இருவர். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தன் வண்டியிலிருந்து இறங்கும்போது படியைத் தவறவிட்டார். பக்கத்திலிருந்தவன் தாங்கிப் பிடித்தான். எல்லாரும் வாய்க்கால் கரையில் வரிசையாகக் குந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல, பாகு முழங்கைக்கு வழிய வழியக் காஜா தின்றார்கள்.  சத்திபாபு அவர்களையெல்லாம் பார்த்தான். அதன் பிறகு அவன் சாவி கேட்கவில்லை. கேரியரில் மிச்சமிருந்த சோற்றை எடுத்துக்கொண்டு போய் லோவராஜுவின் முன்னால் வைத்தான்.

காசுலு தன் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லதுதானே நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாரோ என்னவோ, வாய் மட்டும் அசைந்தது.

மங்கதாயாரு பையைத் தடவினாள். தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

“சித்தப்பா, பம்பு நிக்கறதுக்கு முன்னாடி எத்தனை வண்டி போச்சு?”

காசுலு விரல் விட்டு எண்ணினார். விடியலில் சாறு கொடுத்தவர் அவர்தான். யார் யாரென்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஏழு வண்டி என்றார். ஏழு பேரும் நிற்காமல்தான் போனார்கள்.

போன் எண்களும் அவரிடம் இருந்தன. அவர் கை ஓடாமல் நின்றதால் போனை மங்கதாயாரு வாங்கிக்கொண்டாள். முதல் ஆள் ராஜமந்திரிப் பக்கம் ஒரு ஓட்டலில் தின்றுகொண்டிருந்தான். சிரித்தான், பிறகு அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினான். இரண்டாவது ஆள் ஓரங்கட்டிவிட்டுப் படுத்திருந்தான். தலை சுற்றியது, ஏனென்று தெரியவில்லை என்றான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கிடைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: வண்டியை நிறுத்து, சர்க்கரை தின்னு, மலை ஏறாதே, ஆஸ்பத்திரிக்குப் போ. ஆறாவது ஆள் திட்டினான், ஆனால் நிறுத்துகிறேன் என்றான்.

ஏழாவது ஆள் கங்கராஜு. முதல் ஆளாகப் பாஸ் ஆகி, முதல் ஆளாகப் போனவன். மணி வெகுநேரம் அடித்தது. வைத்துவிடப் போகும் நேரத்தில் எடுத்தான். போனுக்குள் காற்று இரைந்தது, எஞ்சின் முழு வேகத்தில் உறுமியது, எதிரே வருகிற ஏதோ வண்டியின் ஹாரன் நீளமாகக் கேட்டுத் தேய்ந்தது.

“கங்கராஜு, நான் ஓனரம்மா மங்கதாயாரு பேசறேன். வண்டிய நிறுத்துப்பா. இப்பவே நிறுத்து.”

சாவி அவள் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

கங்கராஜு நல்ல மரியாதையாகக் கேட்டான்.

“எந்த வண்டி?”